பொண்ணு குண்டு இல்லை, ஸ்கிரீன்தான் இழுத்துடுச்சு!

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களை இப்போதைய அகல டி.வி.யில் பார்க்கும்போது, நடிகை நடிகர் எல்லாருமே கொஞ்சம் குள்ளமாகவும் குண்டாகவும் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். நிலா கூட முட்டை மாதிரி இருக்கும். அந்தக் காலத்து நடிகைகள் நிஜமாகவே அப்படி இருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் படங்கள் பழைய டப்பா டி.வி.யின் அளவுக்கு ஏற்றவை. 4 பங்கு அகலம், 3 பங்கு உயரம். இப்போதைய டி.வி.யோ 16 பங்கு அகலம், 9 பங்கு உயரம். இரண்டு பக்கமும் கறுப்பாக இடம் விட்டுக் காட்டாமல், படத்தைப் பிடித்து இழுத்து ஸ்கிரீன் முழுக்க நிரப்பினால் ஆட்கள் அகலமாகத்தானே தெரிவார்கள்? ரிமோட்டில் பட அளவை 4:3 என்று மாற்றிப் பாருங்கள், எல்லாரும் ஒரே நொடியில் இளைத்துவிடுவார்கள்.

டி.வி.யில் நடப்பது சினிமா. சிரித்துவிட்டுப் போய்விடலாம். இதே சங்கதி கம்ப்யூட்டரில், அதுவும் நம் வீட்டுப் பெண்ணின் போட்டோவுக்கு நடந்தால்? எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நான் பத்தாவது வரைக்கும்தான் படித்தவள். எனக்கே விளங்கிய விஷயம் என்பதால், உங்களுக்கும் கட்டாயம் விளங்கும்.

என் நாத்தனாருக்கு 2021-ல் வரன் பார்த்துக்கொண்டிருந்தோம். ஜாதகத்தோடு போட்டோவும் அனுப்ப வேண்டுமே. கோயில் படிக்கட்டில் அவள் பட்டுப்பாவாடை தாவணியில் நிற்கிற மாதிரி, செல்போனைப் படுக்கைவாக்கில் பிடித்து எடுத்த படம். லட்சணமாக வந்திருந்தது. அதையே அனுப்பினோம். தூரத்து உறவில் ஒரு பெரியம்மாதான் நடுவில் இருந்து பேசினார். நாலு நாள் கழித்து வந்தவர், காபியைக் கையில் வாங்கிக்கொண்டே இழுத்தார்.

"ஜாதகமெல்லாம் பொருந்திடுச்சாம். ஆனா பொண்ணு கொஞ்சம் குண்டோன்னு யோசிக்கறாங்க. மாப்பிள்ளை ஒல்லியாம்."

என் மாமியாருக்கு முகம் விழுந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவளுக்கோ சொல்லவே வேண்டாம். அன்றிலிருந்து ராத்திரி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். "பசிக்கலை அண்ணி" என்று தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். நாற்பத்தாறு கிலோ எடையுள்ள பெண் அவள்! நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

எனக்கு மனசு ஆறவில்லை. அந்தப் போட்டோவை அவளுடைய லேப்டாப்பில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த லேப்டாப் அது. அதில் ஒல்லியாகத் தெரிகிறவள், அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மட்டும் எப்படிக் குண்டாவாள்? மறுபடி பெரியம்மா வந்தபோது நிதானமாகக் கேட்டேன்.

"பெரியம்மா, அவங்க போட்டோவை எதுல பாத்தாங்க?"

"பெரிய கம்ப்யூட்டர்லதான்மா. நானும் கூடத்தான் இருந்தேன். இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடி வரைக்கும் இடமே மிச்சமில்லாம ஜம்முனு தெரிஞ்சுது."

"தலையிலயோ கால்லயோ எங்கயாவது வெட்டுப்பட்டிருந்துதா?"

"இல்லியே! தலையில வெச்ச பூவிலேர்ந்து கால் கொலுசு வரைக்கும் தெரிஞ்சுதே."

எனக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. செல்போனில் எடுத்த அந்தப் படம் 4000 புள்ளி அகலம், 3000 புள்ளி உயரம். அதாவது பழைய டி.வி. மாதிரி 4-க்கு 3. இப்போது விற்கிற கம்ப்யூட்டர் திரைகள் பெரும்பாலும் 1920 புள்ளி அகலம், 1080 புள்ளி உயரம். அது 16-க்கு 9. படத்தை அதன் அமைப்புக் கெடாமல் அந்தத் திரைக்குள் வைத்தால் 1440 புள்ளி அகலத்துக்குத்தான் வரும். மீதி 480 புள்ளி, பக்கத்துக்கு 240 வீதம் காலியாக நிற்கவேண்டும். காலியே இல்லாமல் முழுக்க நிரம்பவேண்டுமானால் இரண்டே வழிதான். ஒன்று, மேலும் கீழும் கொஞ்சம் வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். பூவும் தெரிந்தது, கொலுசும் தெரிந்தது என்றால் வெட்டவில்லை. அப்படியானால் இழுத்திருக்கிறது! 1440 இருக்கவேண்டிய இடத்தில் 1920 என்றால், மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஒரு அடி அகலமுள்ள தோள் 16 அங்குலமாகத் தெரியும். உயரம் மட்டும் அப்படியே இருக்கும். யாராக இருந்தாலும் குண்டாகத்தான் தெரிவார்கள்.

சொன்னால் நம்பமாட்டார்கள் என்று, லேப்டாப்பைத் திறந்து அதே மாதிரி இழுத்துக் காட்டினேன். பெரியம்மா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, "ஆமாம்மா, இதேதான், இதேதான்!" என்றார். உடனே அமைப்பை மாற்றினேன். "அட, ஒரு நிமிஷத்துல இளைச்சுட்டாளே!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். என் மாமியார் சிரித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் இருந்தவளும் வெளியே வந்து எட்டிப் பார்த்தாள். அன்று ராத்திரி அவளே கேட்டு நாலு தோசை சாப்பிட்டாள். எனக்கு அது போதும்.

பெரியம்மா அவர்களிடமும் போய் விளக்கிச் சொன்னார். அந்த இடம் பிறகு வேறு காரணத்தால் அமையவில்லை. அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. இப்போது அவள் வேறு இடத்தில் வாழ்க்கைப்பட்டுக் கையில் குழந்தையோடு நன்றாக இருக்கிறாள். ஒரு பெண் பூசினாற்போல் இருந்தால்தான் என்ன குறைந்துவிட்டது என்பது என் கட்சி. ஆனாலும் இல்லாத ஒன்றைச் சொல்லி ஒரு பெண்ணைப் பட்டினி போடலாமா?

சரி, இதை எப்படிச் சரி பண்ணுவது என்று சொல்கிறேன். நாங்கள் போட்டோ பார்க்க உபயோகிப்பது இர்ஃபான்வியூ என்கிற மென்பொருள். போஸ்னியாவில் பிறந்து ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் படித்த இர்ஃபான் ஸ்கில்ஜான் என்பவர் உருவாக்கியது. 1996-ல் முதலில் வெளிவந்தது. வீட்டு உபயோகத்துக்குக் காசு கிடையாது. பழைய லேப்டாப்பிலும் திணறாமல் ஓடும். எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் தம்பிதான் போட்டுக் கொடுத்தார். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களும் படியுங்கள். பெயர்தான் மாறும், சங்கதி ஒன்றுதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். போட்டோவை இரண்டு விதமாகப் பார்க்கிறோம். சட்டம் போட்ட ஜன்னல் மாதிரி, மேலே பெயர்ப் பட்டையும் மெனுவும் தெரிய ஒரு பெட்டிக்குள் பார்ப்பது ஒன்று. அதற்கு விண்டோ என்று பெயர். பட்டை எதுவும் இல்லாமல் திரை முழுக்கப் படம் மட்டும் தெரிவது இன்னொன்று. அது ஃபுல் ஸ்கிரீன். இர்ஃபான்வியூவில் என்டர் கீயைத் தட்டினால் ஃபுல் ஸ்கிரீன் வரும். எஸ்கேப் கீயைத் தட்டினால் வெளியே வரலாம். இந்த இரண்டுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறாது. சமையலறைக்கு ஒரு சுவிட்ச், கூடத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கிற மாதிரி. அதனால்தான் பெட்டிக்குள் சரியாகத் தெரிகிற படம், முழுத்திரையில் போட்டதும் கோணலாகிவிடுகிறது.

விண்டோவுக்கான அமைப்பு 'வியூ' மெனுவில் 'டிஸ்பிளே ஆப்ஷன்ஸ்' என்ற இடத்தில் இருக்கிறது. அதில் வரிசையாகப் பல வரிகள் வரும். முக்கியமானவை நாலு.

'ஃபிட் விண்டோ டு இமேஜ்' என்றால், படத்தின் அளவுக்குப் பெட்டி மாறும். போட்டோவை அளந்து அதற்கேற்ற சட்டம் போடுகிற மாதிரி. படம் சின்னது என்றால் பெட்டியும் சின்னதாகிவிடும்.

'ஃபிட் இமேஜஸ் டு விண்டோ' என்றால், பெட்டி அப்படியே நிற்க, படம் அதற்கேற்றபடி மாறும். பெரிய படம் சுருங்கும், சின்னப் படம் உப்பும். அமைப்புக் கெடாது, ஆனால் சின்னப் படம் மங்கலாகத் தெரியும்.

'ஃபிட் ஒன்லி பிக் இமேஜஸ் டு விண்டோ' என்றால், பெரிய படத்தை மட்டும் சுருக்கும். சின்னப் படத்தைத் தொடாது, உள்ளபடி காட்டும். நான் வைத்திருப்பது இதைத்தான். எது நிஜமாகவே பெரிய படம், எது சின்னது என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

'டு நாட் ஃபிட் எனிதிங்' என்றால், எதையும் மாற்றாதே என்று அர்த்தம். படம் உள்ள அளவிலேயே வரும். பெரிய படமாக இருந்தால் மூலைதான் தெரியும், நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். பூ வேலைப்பாடு, ஆரி ஒர்க் பிளவுஸ் மாதிரி நுணுக்கம் பார்க்க இதுதான் லாயக்கு.

அடுத்தது ஃபுல் ஸ்கிரீன். 'ஆப்ஷன்ஸ்' மெனுவில் 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால், பக்கத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் 'ஃபுல் ஸ்கிரீன்' என்ற தலைப்பைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயும் உள்ள அளவில் காட்டு, பெரிய படத்தை மட்டும் திரைக்குள் அடக்கு, எல்லாப் படத்தையும் திரைக்குள் அடக்கு என்று வரிகள் இருக்கும். 'ஸ்ட்ரெட்ச்' என்று ஆரம்பிக்கிற வரி ஒன்றும் இருக்கும். அதுதான் எங்கள் பெண்ணைக் குண்டாக்கியது மாதிரியான வேலையைச் செய்வது. ஸ்ட்ரெட்ச் என்றால் இழுப்பது என்று அர்த்தம். 'ஃபிட்' என்று ஆரம்பிக்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, கீழே ஓ.கே. கொடுத்துவிட்டால் கவலை இல்லை. பக்கத்தில் கறுப்பாகக் காலி இடம் தெரிந்தால் தெரியட்டும். அது குறை அல்ல, படம் ஒழுங்காக இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

இவ்வளவையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறேன். வீட்டில் உள்ள எவர்சில்வர் தட்டு ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்து, நேர் எதிரே நின்று, தட்டு படத்தின் நடுவில் வருகிற மாதிரி செல்போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, பெட்டிக்குள் ஒரு தடவையும் முழுத்திரையில் ஒரு தடவையும் பாருங்கள். தட்டு வட்டமாகத் தெரிந்தால் அமைப்பு சரி. முட்டை வடிவமாகத் தெரிந்தால் எங்கேயோ இழுத்திருக்கிறது. டி.வி.யில் பென் டிரைவ் போட்டுப் பார்ப்பவர்களும் இதையே செய்து பார்க்கலாம். அந்தத் தட்டுப் படத்தை நான் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்னொரு விஷயம். இழுத்துக் காட்டுவது ஒரு ஏமாற்று என்றால், உப்பவைத்துக் காட்டுவது இன்னொரு ஏமாற்று. என் மாமனார் காலமான பிறகு, கூடத்தில் மாட்ட ஒரு பெரிய படம் போட வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். திரை முழுக்கத் தெரிந்தது. "இதையே கொடுத்துடலாம்" என்றார் இவர். "கொஞ்சம் இருங்க, முதல்ல உள்ள அளவுல பாத்துடலாம்" என்று கன்ட்ரோல் கீயோடு ஹெச் கீயைத் தட்டினேன். படம் தீப்பெட்டி மாதிரி நடுவில் சுருங்கிவிட்டது. இர்ஃபான்வியூவில் அடியில் உள்ள பட்டையில் படத்தின் அளவு எழுதியிருக்கும். 600-க்கு 800 என்று இருந்தது.

போட்டோ நன்றாகத் துல்லியமாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. 600-ஐ 300-ஆல் வகுத்தால் 2 அங்குலம்தான். 2 அங்குலப் படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கினால் மூக்கும் முழியும் கரைந்துதான் போகும். ஸ்டுடியோவில் கேட்டால் போட்டுக் கொடுப்பார்கள், காசையும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் மாமியார் தினமும் விளக்கேற்றிக் கும்பிடப்போகிற முகம் அல்லவா? டிரங்குப் பெட்டியைக் குடைந்ததில், மாமனார் வேட்டி சட்டையில் நிற்கும் 4-க்கு 6 அங்குலப் பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. அதை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்யச் சொன்னோம். 2400-க்கு 3600 வந்தது. 8-க்கு 12 அங்குலத்தில் போட்டு மாட்டியிருக்கிறோம். சட்டைப் பையில் சொருகிய பேனாவின் கிளிப் கூடத் தெரிகிறது. மாமியார் முதல் நாள் அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

வாட்ஸ்அப்பில் நல்ல படம் வாங்க வேண்டுமானால், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக போட்டோவாக அனுப்பினால் சுருங்கித்தான் வரும்.

மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பேரன் பேத்திகள் படத்தை முழுத்திரையில் போட்டு, பிளஸ் கீயைத் தட்டித் தட்டி முகத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டுவேன். ஸ்பேஸ் கீயைத் தட்டினால் அடுத்த படம் வரும், பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தைய படம். இப்போது அவரே தட்டிக்கொள்கிறார். சுற்றிலும் இருக்கிற வெள்ளை கண்ணைக் கூசுகிறது என்றால், பின்னணி நிறத்தையும் அதே ஃபுல் ஸ்கிரீன் அமைப்பில் கறுப்பாக்கலாம்.

பயப்படுகிறவர்களுக்கு ஒரு தைரியம் சொல்கிறேன். காட்டும் விதத்தை எப்படி மாற்றினாலும் போட்டோ கெட்டுப்போகாது. மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போடுவதால் எதிரில் இருப்பவர் மாறிவிடுவதில்லையே, அது போலத்தான். 'இமேஜ்' மெனுவில் இருக்கும் 'ரீசைஸ்' மட்டும் வேறு. அதில் அளவை மாற்றி 'சேவ்' பண்ணினால் படம் நிஜமாகவே மாறிவிடும். பரீட்சை விண்ணப்பம், வேலை விண்ணப்பம் என்று பிள்ளைகள் போட்டோவைச் சுருக்க வேண்டி வரும். அப்போது 'ப்ரிசர்வ் ஆஸ்பெக்ட் ரேஷியோ' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். டிக் இருந்தால் அகலமும் உயரமும் சேர்ந்தே சுருங்கும், முகம் கோணாது. சேவ் பண்ணும்போது வேறு பெயர் கொடுத்தால் பழைய படமும் பத்திரமாக இருக்கும்.

கண்ணால் கண்டதும் பொய், காதால் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? கல்யாண வயதில் பெண்ணோ பிள்ளையோ வைத்திருக்கும் சகோதரிகளே, வரன் போட்டோ அனுப்பும்போது ஒரு தபாலட்டை அளவு பிரிண்ட்டும் கூடக் கொடுத்துவிடுங்கள். காகிதத்தை யாரும் இழுக்க முடியாது. மருமகள் தேடும் சகோதரிகளே, ஸ்கிரீனில் பார்த்ததை வைத்து ஒரு பெண்ணைக் குண்டு, குள்ளம் என்று சொல்வதற்கு முன்னால், அதே கம்ப்யூட்டரில் உங்கள் வீட்டுப் பெண்ணின் போட்டோவை ஒரு தரம் போட்டுப் பாருங்கள். அவளும் குண்டாகத் தெரிந்தால், வாயைத் திறக்காமல் அமைப்பை மாற்றிவிடுங்கள். நீங்கள் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிற ஒரு வார்த்தைக்கு, எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டுப் படுக்கக்கூடும்.

- ஓர் இல்லத்தரசி, மயிலாடுதுறை.